ஒரே வீட்டுச் சாட்சிகள்: ஜீட்டா இயந்திரத்தில் நடந்தது என்ன?

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கோயிலை ஒட்டிய சின்ன மண்டபத்தில்தான் வகுப்பு. பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். போன மாதம் ஒரு மாணவி தன் செய்முறை அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினாள். செம்புக்கம்பிச் சுருளின் நடுவில் திசைகாட்டியை வைத்து, சுருளில் மின்னோட்டம் விட்டு, முள் எவ்வளவு திரும்புகிறது என்பதிலிருந்து பூமியின் காந்தப்புலத்தைக் கணக்கிடுகிற பழைய சோதனை.

"அஞ்சு தடவை அளந்தேன் சார். அஞ்சு தடவையும் 38 டிகிரிதான். அப்போ சரிதானே?"

அறிக்கையின் கடைசி வரியில் 'ஆகவே இம்முடிவு உறுதியானது' என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள். உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் வகுப்புக்கு ஜீட்டா என்ற பழைய பிரிட்டிஷ் ஆய்வு இயந்திரத்தின் கதையைச் சொன்னேன். அன்று நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நிகழ்வு

1957 ஆகஸ்ட் 30. நள்ளிரவில் கோலாலம்பூர் பாடாங்கில் யூனியன் ஜாக் கொடி இறங்கியது. லயத்தில் யாருமே தூங்கவில்லை என்று அப்பா சொல்லுவார். இங்கிலாந்துக்கும் நமக்கும் அப்போது ஆறரை மணி நேர வித்தியாசம். அதே 30-ஆம் தேதி அங்கே பின்மாலை ஆனபோது நமக்கு மெர்டேக்கா என்ற சுதந்திர நாளின் விடிகாலை. அந்த நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஹார்வெல் என்ற ஊரில், அணு ஆராய்ச்சி நிலையத்தின் பழைய விமானக் கொட்டகை ஒன்றில், ஒரு இயந்திரம் நியூட்ரான்களை உமிழத் தொடங்கியது. ஒவ்வொரு துடிப்புக்கும் பத்து லட்சம் அளவில்.

அந்த இயந்திரத்தின் பெயர்தான் ஜீட்டா. மோதிரம் போல வளைத்த அலுமினியக் குழாய். குழாயின் குறுக்களவு 1 மீட்டர், அதாவது ஒரு ஆள் உள்ளே குனிந்து உட்காரலாம். அதில் மிக மெல்லிய டியூட்டீரிய வாயுவை, அதாவது கனமான ஹைட்ரஜனை, நிரப்பி, மாபெரும் மின்மாற்றி ஒன்றின் வழியாக உள்ளே மின்னோட்டத்தைத் தூண்டினார்கள். ஏறக்குறைய 2 லட்சம் ஆம்பியர். வாயு பிளாஸ்மா ஆகிறது. எலெக்ட்ரான்கள் அணுவை விட்டுக் கழன்றுவிடுகின்றன. பிளாஸ்மாவில் ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றித் தானே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் பிளாஸ்மாவையே உள்நோக்கி நெருக்கிச் சுவரை விட்டு விலக்கி வைக்கும். இதற்குப் பிஞ்ச் என்று பெயர்.

பிஞ்ச் விளைவை ஆராய வைத்தது எந்த ஆய்வுக்கூடமும் அல்ல, இடிதான். ஆஸ்திரேலியாவின் ஹார்ட்லி வேல் என்ற இடத்தில் மண்ணெண்ணெய் ஆலை ஒன்றின் இடிதாங்கியில் மின்னல் இறங்கியது. இடிதாங்கியின் உள்ளே காலியாக இருந்த செம்புக்குழாயை யாரோ கையால் கசக்கியது போல அது நசுக்கிவிட்டது. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பொல்லாக்கும் பாராக்ளஃபும் 1905-ல் அந்தக் குழாயை ஆராய்ந்து, மின்னோட்டத்தின் சொந்தக் காந்தவிசையே அதை நசுக்கியது என்று எழுதினார்கள். வருடம் முழுக்க இடி விழுகிற ஊர் நம்முடையது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்கள்.

சரி, நியூட்ரானுக்கு என்ன அர்த்தம்? இரண்டு டியூட்டீரிய அணுக்கருக்கள் இணைந்தால், ஏறக்குறைய பாதித் தடவை, 2.45 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு ஒரு நியூட்ரான் வெளிவரும். சூரியனை எரிய வைக்கிற அதே இனத்து வினை இது. பிளாஸ்மா போதிய அளவு சூடாகி, அந்தச் சூட்டில் கருக்கள் மோதி இணைந்தால், கடல் தண்ணீரில் கிடைக்கும் டியூட்டீரியத்தைக் கொண்டே மின்சாரம் எடுக்கலாம். பீட்டர் தோனமன் தலைமையிலான குழு பல மாதங்கள் அளந்து பார்த்தது. 1958 ஜனவரி 25 தேதியிட்ட நேச்சர் இதழில் முடிவுகள் வெளிவந்தன. வெப்பநிலை 5 மில்லியன் டிகிரி என்றார்கள். கட்டுரையில் தயக்கம் இருந்தது. நியூட்ரான்கள் வெப்ப இணைவிலிருந்து வந்தவை என்று அது அடித்துச் சொல்லவில்லை. செய்தியாளர்கள் விடாமல் கேட்கவும், நிலையத்தின் தலைவர் ஜான் காக்ராஃப்ட் 90 விழுக்காடு உறுதி என்று சொன்னார். மறுநாள் பத்திரிகைகளில் அந்த 90 கூட இல்லை. எல்லாம் 100 ஆகிவிட்டது.

நாலே மாதம். மே மாதத்தில் ஹார்வெலே முன்வந்து, அந்த நியூட்ரான்கள் வெப்ப இணைவால் வந்தவை அல்ல என்று அறிவித்தது.

கழுத்தும் வளைவும்

நடந்தது புரிய வேண்டுமானால், காந்தப்புலத்தில் கட்டிவைத்த பிளாஸ்மா எப்படிக் குலையத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அன்று வகுப்பிலும் பெரும்பாலான நேரத்தை இதுதான் எடுத்துக்கொண்டது.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறது. சாயங்காலம் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் அழுத்தம் குறைந்து நூல் போலத்தான் வரும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கிட்ட உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். மேலே கண்ணாடிக் கம்பி மாதிரி வழவழப்பாக இறங்குகிறது. ஒரு சாண் கீழே அந்தக் கம்பியில் லேசான இடுப்பு தெரிகிறது. இன்னும் கீழே இடுப்புகள் அறுந்து முத்து முத்தாகிவிடுகின்றன. ஒருவன் கைப்பேசியில் மெதுவேகப் படம் எடுத்தான். இடுப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். யாராலும் ஒரு புள்ளியைக் காட்ட முடியவில்லை.

காட்டவும் முடியாது. தண்ணீர்க் கம்பி எப்போதுமே துளி நெளிந்துதான் இருக்கிறது. எங்கே கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறதோ அங்கே பரப்பு இழுவிசையின் நெருக்கல் அதிகம். நெருக்க நெருக்க இன்னும் ஒல்லியாகிறது. ஒல்லியானதால் இன்னும் நெருக்குகிறது.

பிளாஸ்மாத் தண்டிலும் இதே கதைதான், வேகம் மட்டும் பயங்கரம். மின்னோட்டம் தண்டு முழுக்க ஒரே அளவு. எங்கே தண்டு ஒல்லியோ அங்கே மேற்பரப்பில் காந்தப்புலம் அதிகம். ஆரம் பாதியானால் புலம் இரட்டிப்பாகும். காந்த அழுத்தம் புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே நாலு மடங்கு. தண்ணீரில் இது இரண்டு மடங்குதான். நீள பலூனை நடுவில் பிடித்து அமுக்கினால் காற்று இரண்டு பக்கமும் பிதுங்கிப் போகிற மாதிரி, கழுத்தில் இருக்கும் பிளாஸ்மா இரு பக்கமும் வழுக்கி ஓடிவிடும். எதிர்த்து நிற்க உள்ளே ஆள் இல்லை. கழுத்து நெரிபடும். சாசேஜ் நிலைகுலைவு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வகை வளைவு. தண்டு ஒரு பக்கம் லேசாக வளைந்தால், வளைவின் உட்புறத்தில் காந்தக்கோடுகள் நெருங்கும், வெளிப்புறத்தில் அகலும். நெருங்கிய பக்கம் அழுத்தம் கூடி வளைவை மேலும் வெளியே தள்ளும். துணி காயப்போடும் நைலான் கயிற்றை இரண்டு பேர் இரு முனையில் பிடித்து முறுக்கிக்கொண்டே போங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாது. அப்புறம் கைகளைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்ததும் 'டக்'கென்று நடுவில் ஒரு கண்ணி எழும்பிச் சுருண்டுகொள்ளும். முறுக்கில் சேர்ந்த ஆற்றலுக்கு வளைந்து போவதில் ஒரு வழி கிடைத்துவிட்டது. கயிறும் பிளாஸ்மாவும் ஒன்றல்ல. ஆனால் ஒரு வரம்பு வரை தாங்கி, வரம்பு தாண்டியதும் போய்விடுகிற அந்தக் குணம் ஒன்றுதான். தண்டின் நீளத்துக்குள் காந்தக்கோடு ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டால் வளைவு தொடங்கும் என்பது குரூஸ்கல்–ஷஃப்ரானவ் வரம்பு.

மார்ட்டின் குரூஸ்கலும் மார்ட்டின் ஷ்வார்ஸ்சைல்டும் 1954-லேயே இந்த வகைக் குலைவுகளைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அதற்கும் முன்பே ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குழாய்களில் பிளாஸ்மா புழு மாதிரி நெளிவதைப் படம் பிடித்திருந்தார்கள்.

தொடக்கம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. தண்டில் 1 மைக்ரான் கோணல் இருக்கிறது, தலைமுடியின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அது ஒவ்வொரு மைக்ரோவினாடியும் இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 மைக்ரோவினாடியில் அது 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். முதல் 10 மைக்ரோவினாடி எந்தக் கருவிக்கும் ஒன்றும் தெரியாது. கோணல் அப்போதும் 1 மில்லிமீட்டர்தான். ஜீட்டாவில் மின்னோட்டம் நீடித்ததோ சில ஆயிரம் மைக்ரோவினாடிகள். 'எப்போது தொடங்கியது' என்று கேட்பதைவிட 'எது அதை வளரவிட்டது' என்று கேட்பதுதான் பயன்தரும். கோணல் இல்லாத பிளாஸ்மா உலகத்தில் கிடையாது.

ஹார்வெல்காரர்களுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். அதனால்தான் ஜீட்டாவில் குழாயின் நீளவாக்கில் இன்னொரு காந்தப்புலத்தைச் சேர்த்தார்கள். அது பிளாஸ்மாவுக்கு முதுகெலும்பு மாதிரி. கழுத்து நெரிக்கப் பார்த்தால் உள்ளே இருக்கும் கோடுகள் நெருங்கி எதிர்க்கும். வளைக்கப் பார்த்தால் விறைத்து நிற்கும். கனமான அலுமினியச் சுவரும் உதவியது. பிளாஸ்மா சுவரை நெருங்கும்போது சுவரில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதைத் திருப்பித் தள்ளும். இரண்டும் வேலை செய்தன. பெரிய நெளிவுகள் அடங்கிவிட்டன, பிளாஸ்மா மில்லிவினாடிக் கணக்கில் சுவரைத் தொடாமல் நின்றது. மூர்க்கமான குலைவு அடங்கியதைப் பார்த்து, குலைவே அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். என் பார்வையில் பிழை நுழைந்த இடம் அதுதான்.

இரண்டு சாட்சிகள்

5 மில்லியன் டிகிரிக்கு அவர்களிடம் இரண்டு ஆதாரம் இருந்தது.

ஒன்று நிறமாலை. பிளாஸ்மாவில் கொஞ்சம் ஆக்சிஜன், நைட்ரஜன் கலந்திருக்கும். அவை விடும் ஒளியின் நிறக்கோடுகள் சூட்டினால் அகலமாகும். நம்மை நோக்கி வரும் அணுவின் ஒளி நீலத்தை நோக்கியும், விலகிப் போவதன் ஒளி சிவப்பை நோக்கியும் நகரும், டாப்ளர் விளைவு. கோட்டின் அகலத்தை அளந்தால் அணுக்களின் வேகம் தெரியும், வேகத்திலிருந்து வெப்பநிலை. இரண்டாவது, நியூட்ரான்களின் எண்ணிக்கை. நிறமாலை சொன்ன சூட்டுக்கு இவ்வளவு நியூட்ரான் வரலாம் என்று கணக்கிட்டால், வந்ததும் ஏறக்குறைய அவ்வளவு. இரண்டு சாட்சி, ஒரே வாக்குமூலம். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். நானும் நம்பியிருப்பேன்.

முதல் சாட்சியைக் கொஞ்சம் விசாரிப்போம். ஐம்பது மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திடலில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தன் போக்கில் இங்கும் அங்கும் ஓடினால் ஹாரன் சுருதி பரவலாகக் கேட்கும். அது வெப்பம் மாதிரி. இப்போது அவை ஐந்து கூட்டமாகப் பிரிந்து, கூட்டம் கூட்டமாக முன்னும் பின்னும் பாய்கின்றன. சுருதி அதே அளவு பரவலாகத்தான் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஜீட்டாவின் பிளாஸ்மா உள்ளுக்குள் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொந்தளிப்பும் நிறக்கோட்டை அகலப்படுத்தி, தன்னைச் சூடு என்று காட்டிக்கொண்டது.

இரண்டாவது சாட்சியும் அப்படித்தான். கொந்தளிக்கும் பிளாஸ்மாவில் காந்தப்புலம் வேகமாக மாறுகிறது. மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும் என்பது ஐந்தாம் படிவத்தில் படிக்கிற பாடம். அந்த மின்புலங்கள் கொஞ்சம் டியூட்டீரியக் கருக்களை மட்டும் பிடித்து மின்னோட்டத்தின் திசையில் விரட்டின. விரட்டப்பட்ட கருக்கள் சும்மா இருந்த மற்றவற்றின் மேல் மோதின.

"அப்போ அந்த நியூட்ரான் எல்லாம் பொய்யா சார்?"

"பொய் இல்லம்மா. நியூட்ரான் நிஜம். இணைவும் நிஜம். சூட்டால வந்ததுன்னு சொன்னதுதான் தப்பு."

வேகப்படுத்திய கருவை அடித்து இணைவை நடத்தலாம், ஆனால் போட்ட மின்சாரம்கூடத் திரும்பி வராது. மின்நிலையம் வேண்டுமானால் மொத்தப் பிளாஸ்மாவும் சூடாக வேண்டும்.

இரண்டு சாட்சியும் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள். பிளாஸ்மாவின் ஒரே கொந்தளிப்பு நிறமாலையையும் பெருக்கிக் காட்டியது, நியூட்ரானையும் பெற்றுப் போட்டது. இரண்டும் ஒத்துப்போனது உண்மைக்கு அத்தாட்சி ஆகவில்லை.

இதில் என்னை வருத்துகிற ஒன்று உண்டு. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது, அதுவும் ஹார்வெலின் வாசலுக்கே. 1956 ஏப்ரலில் சோவியத் தலைவர்களோடு வந்த இகோர் குர்ச்சாதவ், அதே ஹார்வெலில் நின்று, தங்கள் நேர்க்குழாய்ப் பிஞ்சில் வந்த நியூட்ரான்கள் வெப்ப இணைவால் வந்தவை அல்ல என்று விவரமாகப் பேசிவிட்டுப் போனார். கலிஃபோர்னியாவில் ஸ்டர்லிங் கோல்கேட்டின் குழுவும் தங்கள் குழாயில் நியூட்ரானைப் பார்த்து, சாசேஜ் நிலைகுலைவு முடுக்கிய கருக்களே காரணம் என்று கண்டுபிடித்திருந்தது. ஜீட்டா அறிவிப்பு வந்ததும் பிரின்ஸ்டனில் லைமன் ஸ்பிட்சர், இவ்வளவு வேகமாக அயனிகள் சூடாகக் கோட்பாட்டில் வழியில்லையே என்று கேட்டார். ஹார்வெலில் இதையெல்லாம் அறியாதவர்கள் இல்லை. நீளவாக்குப் புலம் போட்ட நம் இயந்திரத்துக்கு அது பொருந்தாது என்ற நம்பிக்கைதான் கண்ணை மறைத்தது.

முடிச்சை அவிழ்த்ததும் ஹார்வெல்காரர்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பாசில் ரோஸ் என்ற இயற்பியலாளர் நியூட்ரான்களை எண்ணுவதோடு நிற்காமல், துகள் போன தடத்தைக் காட்டும் முகில் அறையைக் கொண்டு அவற்றின் ஆற்றலைத் திசைவாரியாக அளந்தார். வெப்ப இணைவாக இருந்தால் எந்தத் திசையில் அளந்தாலும் ஆற்றல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வெப்பத்துக்குத் திசை கிடையாது. இயந்திரத்தின் மின்னோட்டத்தைத் தலைகீழாக ஓடவிட்டு மறுபடி அளந்தார். ஆற்றல் மாறியது. மின்னோட்டத்தின் போக்கில் வந்த நியூட்ரான்களுக்கு ஆற்றல் கூடுதல், எதிர்ப்போக்கில் குறைவு. கருக்கள் ஒரு பக்கமாக விரட்டப்பட்டிருக்கின்றன என்று அதோடு தெளிவாகிவிட்டது. கம்பியின் இரண்டு முனையை மாற்றிப் போடுகிற வேலைதான், அந்தப் பெரிய அறிவிப்பை அது திருப்பிவிட்டது.

பிறகு நடந்தது

ஜீட்டாவை உடைத்துப் போட்டுவிடவில்லை. 1968 வரை ஓடியது, அவமானத்தோடு அல்ல, நல்ல ஆய்வுக்கருவியாக. முதுகெலும்புப் புலம் இருந்தும் ஏன் குலைந்தது என்பதற்கு 1963-ல் ஃபர்த், கில்லீன், ரோசன்புளூத் மூவரும் பதில் தந்தார்கள். மின்தடையே இல்லாத பிளாஸ்மாவில் காந்தக்கோடுகள் அறுந்து ஒட்ட முடியாது. துளி மின்தடை இருந்தாலும் போதும், கோடுகள் அறுந்து வேறு கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடைத்துவைத்த வழி மெதுவாகத் திறக்கும். மூர்க்கமான குலைவை அடக்கிய இடத்தில் இந்த நிதானமான குலைவு உட்கார்ந்திருந்தது.

இன்னொரு ஆச்சரியமும் ஜீட்டாவில் இருந்தது. சில நிலைகளில் கொந்தளிப்பு தானாகவே அடங்கி, பிளாஸ்மா அமைதியாகியது. அப்போது ஓரத்தில் நீளவாக்குப் புலம் தானே திசை மாறியிருந்தது. பிரையன் டெய்லர் 1974-ல் இதற்குக் காரணம் சொன்னார்: குலைந்து குலைந்து பிளாஸ்மா தன் குறைந்தபட்ச ஆற்றல் நிலைக்கு வந்து சேர்கிறது. குலைவு என்றாலே அழிவு என்று நினைத்திருந்த எனக்கு, முதன்முதலில் இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

சூட்டை அளக்கும் முறையும் மாறியது. லேசர் ஒளியைப் பிளாஸ்மாவுக்குள் செலுத்தி, எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு அளக்கும் முறையில் பிரிட்டிஷ்காரர்கள் தேர்ந்தார்கள். 1969-ல் அவர்களின் குழு ஒன்று அந்தக் கருவிகளை மாஸ்கோவுக்கே எடுத்துப்போய், டோக்கமாக் என்ற மோதிர வடிவ வகையைச் சேர்ந்த டி-3 இயந்திரத்தை அளந்து, 10 மில்லியன் டிகிரி அளவு சூடு உண்மைதான் என்று சாட்சி சொன்னது. அது வேறு வீட்டுச் சாட்சி. அதன்பிறகுதான் உலகம் டோக்கமாக் பக்கம் திரும்பியது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சிங் லீயின் குழு 1980-களில் பிளாஸ்மாவைப் பிஞ்ச் முறையில் ஒரு புள்ளியில் நெருக்குகிற ஒரு சின்னப் பிளாஸ்மா ஃபோக்கஸ் இயந்திரத்தை வடிவமைத்தது. 15 ஆயிரம் வோல்ட்டுக்கு ஏற்றிய ஒரே ஒரு மின்தேக்கி, 3 கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேல் ஆற்றல். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் அதில் பயிற்சி எடுத்துத் தங்கள் ஊருக்கு ஒன்று கொண்டுபோனார்கள். டியூட்டீரியம் போட்டால் அதிலும் நியூட்ரான் வரும். பிஞ்ச் குலையும்போது முடுக்கப்படும் கருக்களே அவற்றில் பெரும்பகுதியைத் தருகின்றன என்பது இன்று அதில் வேலை செய்கிற மாணவருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்த விஷயம். ஹார்வெலைத் தலைகுனிய வைத்த அதே வினை இங்கே பாடமாக இருக்கிறது.

அன்று வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். அந்த மாணவி மட்டும் போகவில்லை. பையிலிருந்து சுருளை எடுத்து, அதே மேசையில் அதே இடத்தில் வைத்தாள். முள் 38-ல் நின்றது. பேட்டரியில் இரண்டு கம்பியையும் கழற்றி முனை மாற்றிப் போட்டாள். முள் மறுபக்கம் போய், ஆடி, 31-ல் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள்.

"சார், இது இரும்புக் கால்."

மேசையை ஒதுக்கிவிட்டு மரப்பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். மறுமுனையை நான் பிடித்தேன்.